ராகு காலத்தில் ஒரு பவுண்

அத்தியாயம் 7

நகைக்கடைக்குள் கத்தரிக்காய்க் குழம்பின் வாசனை வரக்கூடாது என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை. ஆனாலும் காலையில் கொட்டாஞ்சேனையில் ஒரு பணிஸ் ரொட்டியை மட்டும் விழுங்கிவிட்டு வந்த சாந்தகுமாருக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது.

வெள்ளவத்தை, காலி வீதி, நாகேந்திரம் நகை மாளிகை. செவ்வாய்க்கிழமை, பின்னேரம் ஆகப்போகிற நேரம். முதலாளி நாகேந்திரம் வீட்டிலிருந்து வந்த சாப்பாட்டுக் கேரியரை முன்னால் பரப்பிவைத்து, வலது கையால் சோற்றையும் இடது கையால் போனையும் பிசைந்துகொண்டிருந்தார். போனில் உலகச் சந்தையின் தங்க விலை ஓடியது. விலை ஏறினால் கவளம் பெரிதாக உள்ளே போயிற்று. இறங்கினால் கவளம் வாய்க்குப் போகிற வழியில் நின்றுவிட்டது.

"மிஸ், இன்னும் கொஞ்சம் ஏறிச்சின்னா மனுசன் கேரியரையும் சேத்து முழுங்கிருவாரு" என்றான் சாந்தகுமார் மெதுவாக.

மேனுகா சிரிக்கவில்லை. காப்புறுதிக் கம்பனியில் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துப் பிடித்து, கடைசியில் அலுத்துப்போய்ச் சொந்தமாகத் துப்பறியத் தொடங்கியவள் அவள். வேலை நேரத்தில் சிரிப்பதை உதவியாளன் சாந்தகுமாரிடம் ஒப்படைத்திருந்தாள்.

ஆனால் இன்றைக்கு அவனுக்கும் சிரிப்பு உள்ளூர வரவில்லை. கண்ணாடி மேசைக்கு அந்தப் பக்கம், சிவந்த கண்ணோடு காப்புகளைத் துடைத்துக்கொண்டு நின்றாளே சுதர்சினி, அவள் சாந்தகுமாரின் மனைவியுடைய தங்கை. மஸ்கெலியாவிலிருந்து வந்தவளுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவனே அவன்தான். அவளுக்குத்தான் இப்போது கள்ளி என்று பெயர் விழப் பார்த்தது.

"திருப்பி ஒருக்காச் சொல்லுங்கோ ஐயா" என்றாள் மேனுகா.

நாகேந்திரம் விரலைச் சூப்பிவிட்டுத் தொடங்கினார். "ஒரு ஆள் வரும், பிள்ளை. ஒவ்வொருக்கா ஒவ்வொரு ஆள். ஒரு பவுண் தங்கக் காசு ஒண்டே ஒண்டு வாங்கும். போயிடும். பிறகு நான் விலையை ஏத்துவன். ஏத்தப்போற நாளெண்டாத்தான் வருவினம், ஏத்தாத நாள் ஒரு குஞ்சும் வராது! நான் ஏத்தப்போறன் எண்டு அவைக்கு ஆர் சொல்லுறது? என்ர மூஞ்சையைப் பாத்துக்கொண்டு நிக்கிறது இந்தப் பிள்ளை மட்டும்தான்."

"என்ன முதலாளி, ஒங்க மூஞ்சிய றோட்டுல நின்னு பாத்தாலே தெரியுமே" என்றான் சாந்தகுமார்.

"கடை பூட்டுறதுக்கிடையில ஆளைப் பிடிச்சுக் காட்டுங்கோ. இல்லாட்டி இவ நாளைக்கு வரத் தேவையில்லை."

அதோடு பேச்சு முடிந்தது. சுதர்சினியின் கையில் இருந்த காப்பு கண்ணாடியில் டங்கென்று விழுந்தது. வேலை போனால் அவள் மஸ்கெலியாவுக்குத் திரும்ப வேண்டும். அங்கே கொழுந்து பறிக்கிற அம்மாவிடம் என்னவென்று சொல்வாள்? பாக்கியலெட்சுமிக்கு, அதாவது சாந்தகுமாரின் மனைவிக்கு, அவன் என்னவென்று சொல்வான்? இரவுச் சோற்றை மறந்துவிட வேண்டியதுதான்.

நாகேந்திரத்தின் போன் அடித்தது. "ஓம் அருந்ததி... ஓம், சாப்பிட்டிட்டன்... அதுவோ? அது இறங்கட்டுமப்பா. இறங்கட்டும். பிறகு பாப்பம்."

"முதலாளிக்குப் பிறஷர் போலிருக்கு" என்று சாந்தகுமார் பரிதாபப்பட்டான்.

கேரியர் மூடப்பட்டது. கை கழுவிவிட்டு வந்த முதலாளி போனைப் பார்த்தார். கண் விரிந்தது. உலகச் சந்தையில் விலை விறுவிறுவென்று ஏறிக்கொண்டிருந்தது. சுவரில் சிவப்பு எழுத்தில் மின்னுகிற விலைப் பலகையை மாற்றுவதற்காக ரிமோட்டைக் கையில் எடுத்தார். அந்தச் சமயம் பார்த்துச் சுவர்க் கடிகாரம் மூன்று அடித்தது.

முதலாளி நெருப்பைத் தொட்டவர்போல் கையை இழுத்துக்கொண்டார். ரிமோட்டைக் கொண்டுபோய் லட்சுமி படத்துக்குக் கீழே, பூவுக்குப் பக்கத்தில் பக்குவமாக வைத்துவிட்டு வந்து கதிரையில் உட்கார்ந்தார்.

"சாமியும் விலை பாக்கணுமில்ல" என்றான் சாந்தகுமார். மேனுகா கடிகாரத்தைப் பார்த்தாள், ரிமோட்டைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள்.

பத்து நிமிடம் போயிருக்காது. கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெரிய உடம்பு உள்ளே வந்தது. கழுத்தில் சிலுவை, காலில் றப்பர்ச் செருப்பு. செருப்பு வாரில் ஒட்டியிருந்த மீன் செதில் நகைக்கடை வெளிச்சத்தில் நகையை விட அழகாக மின்னியது.

சாந்தகுமாருக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. ஸ்ரான்லி! கொட்டாஞ்சேனை ஆள். விடியப் பேலியகொடையில் மீன் எடுத்து, வெள்ளவத்தை ஒழுங்கைகளில் வீடு வீடாக விற்கிறவன். காலை முழுவதும் கடையே கதியென்று இருக்கிற முதலாளிக்கு அவனைத் தெரிய நியாயமில்லை.

"ஒரு பவுண் காசு ஒண்டு" என்றான் ஸ்ரான்லி. சுதர்சினி எடுத்துக் கொடுத்தாள். பணத்தை எண்ணி வாங்கினாள். பில் எழுதினாள். ஸ்ரான்லி போய்விட்டான்.

முதலாளி நோட்டுக்கட்டை வாங்கி எண்ண ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு... அச்! மறுபடி தொடங்கினார். அச்! மூன்றாவது தும்மலில் மூக்குக்கண்ணாடி கழன்று மேசையில் விழுந்தது.

"பாத்தியளோ பிள்ளை! இந்தக் கூட்டத்தின்ர காசைத் தொட்டாலே எனக்கு இந்தத் தும்மல்தான். நாவூறு! என்ர கடைக்கு ஆரோ செய்வினை செய்து போட்டினம்!"

மேனுகா ஒரு நோட்டை எடுத்து மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள். அவளுடைய கண்ணும் கலங்கியது. அடுத்து அவள் செய்ததைப் பார்த்துச் சாந்தகுமார் வெட்கப்பட்டுப்போனான். முதலாளியின் சாப்பாட்டுக் கேரியரைத் திறந்து, வெறும் பாத்திரத்தை மோந்து பார்த்தாள்.

"மிஸ், பசின்னா என்கிட்ட சொல்லியிருக்கலாமே. ஒரு ரோல்ஸாவது வாங்கியாந்திருப்பேன்."

"எழும்புங்கோ சாந்தன். மீனுக்குப் பின்னால போவம்."

வாசலில் நின்று சுதர்சினியைத் திரும்பிப் பார்த்தாள் மேனுகா. "தங்கச்சி, இந்த ஆக்களிட்டைக் காசு வாங்கேக்குள்ள ஏதாவது கவனிச்சனீங்களோ?"

சுதர்சினி தலையைக் குனிந்துகொண்டாள். "இல்ல மிஸ். ஒண்ணும் கவனிக்கல."

மேனுகா அவளை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வெளியே வந்துவிட்டாள்.

கள்ளனைத் தொடர்ந்து போவதென்றால் ஓட வேண்டியிருக்கும், மதில் ஏற வேண்டியிருக்கும் என்றெல்லாம் சாந்தகுமார் நினைத்துக் கால்சட்டையை இழுத்து விட்டுக்கொண்டான். ஸ்ரான்லியோ நூறு மீட்டர் நடந்து, கடற்கரைப் பக்கம் திரும்புகிற ஒழுங்கையில் இருந்த சைவக் கடைக்குள் நுழைந்து, பிளேன்டீயும் உளுந்து வடையும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். இவர்களும் இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்தார்கள்.

ஸ்ரான்லி வடை தின்றான். பேப்பர் பார்த்தான். இன்னொரு வடை தின்றான். சட்டைப் பையில் ஒரு பவுண் தங்கம் இருக்கிற நினைவே இல்லாதவனைப் போல ஒரு கொட்டாவியும் விட்டான்.

"களவெடுத்துட்டு ஓடுற கள்ளன பாத்திருக்கேன், ஒளியிற கள்ளன பாத்திருக்கேன். வடைக்குச் சட்னி பத்தலன்னு சண்ட புடிக்கிற கள்ளன இன்னைக்குத்தான் பாக்கிறேன்" என்றான் சாந்தகுமார். "புடிச்சிருவமா மிஸ்?"

"பிடிச்சு என்ன கேக்கிறது? காசு குடுத்து வாங்கினவர். பில்லும் இருக்கு."

அதுவும் சரிதான்.

"இண்டைக்கு என்ன கிழமை, சாந்தன்?"

"செவ்வா."

"செவ்வாய்க்கிழமை வெள்ளவத்தையில மீன்காரனுக்கு என்ன வேலை?"

சாந்தகுமார் வாயில் வைத்த வடையை அப்படியே வைத்திருந்தான். செவ்வாயும் வெள்ளியும் இந்தப் பக்கத்து அடுப்புகளில் மீன் ஏறாதே! "கூடையும் கொண்டாரல! அப்ப இந்தாளு மீன் விக்க வரல, யாரோ வரச் சொல்லித்தான் வந்திருக்கான்!"

"முந்தி வந்த ஆக்களின்ர பேரை பில்லில பாத்தனான். தையல்காரி ஷபீகா. வான் ஓடுற ஜெனிஸ்டன். இப்ப ஸ்ரான்லி. ஒரு முஸ்லிம் பொம்பிளை, ரெண்டு கிறிஸ்தவ வேதக்காரர். மூண்டு பேரும் வீடு வீடாப் போறவை. மூண்டு பேருக்கும் பொதுவா இன்னொண்டும் இருக்கு. என்ன?"

"மூணு பேருகிட்டயும் என்னவிட நெறைய சல்லி இருக்கு."

"மூண்டு பேரும் எங்கட பஞ்சாங்கம் பாக்கிறேல்லை."

சாந்தகுமார் விழித்தான். அவள் விளக்கம் சொல்லாமல் தேநீரை ஆற்றினாள்.

"சரி, வாங்கியாச்சில்ல? வாங்கச் சொன்ன ஆளுகிட்ட குடுத்துட்டுப் போக வேண்டியதுதானே? ஏன் இங்க குந்திக்கிட்டு நம்ம உசுர வாங்கிறான்?"

"அவர் குடுக்க ஆயத்தம். வாங்குற ஆள் இன்னும் ஆயத்தமில்லை. நாலரை மட்டும் பொறுங்கோ."

நாலரை ஆயிற்று. ஸ்ரான்லி பேப்பரை மடித்தான், நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான், எழுந்து நடந்தான். சாந்தகுமாருக்கு மயிர்க்கூச்செறிந்தது. இந்த மிஸ்ஸுக்குச் சாத்திரமும் தெரியுமா?

ஒழுங்கையின் கடைசியில், கடலைப் பார்த்தபடி ஒரு தொடர்மாடி. ஸ்ரான்லி படி ஏறினான். இவர்கள் கீழே பதுங்கி நின்று பார்த்தார்கள். மூன்றாம் மாடியில் ஒரு கதவு திறந்தது. அவன் உள்ளே போனான்.

"முதலாளிக்கு அடியுங்கோ சாந்தன். கள்ளர் இருக்கிற இடம் பிடிபட்டிட்டுது எண்டு சொல்லுங்கோ."

சாந்தகுமார் போனில் பெருமையோடு இடத்தைச் சொன்னான். ஒழுங்கையைச் சொன்னான், தொடர்மாடியைச் சொன்னான், மூன்றாம் மாடி, இடது பக்கக் கதவு என்றும் சொன்னான்.

அடுத்த கணமே போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடிக்க வேண்டியதாயிற்று.

"ஐயோ! அது என்ர வீடெல்லோ! அருந்ததி தனிய நிக்கிறா! கள்ளன் வீட்டுக்கை பூந்திட்டான்!"

ஐந்து நிமிடத்துக்குள் ஒரு முச்சக்கரவண்டி ஒழுங்கைக்குள் சீறிக்கொண்டு வந்தது. "மெதன நவத்தன்ன மல்லி!" என்று, இங்கே நிறுத்தச் சொல்லிச் சிங்களத்தில் கத்திய நாகேந்திரம், சாரதித் தம்பி நிறுத்துவதற்கு முன்பே குதித்தார். கையில் கடைக் குடை. அதை ஈட்டிபோல நீட்டிக்கொண்டு மூன்று மாடியும் அவர் ஏறிய வேகத்துக்கு, இருபது வயதுப் பெடியனும் ஈடுகொடுத்திருக்க மாட்டான். கதவை உதைத்தார். கதவு ஏற்கெனவே திறந்துதான் இருந்தது, அதனால் உதைத்த வேகத்தில் அவரே உள்ளே போய் விழப் பார்த்தார்.

உள்ளே சாமி விளக்கு எரிந்தது. அருந்ததி அம்மா தலை குளித்து, நெற்றி நிறையத் திருநீறோடு, வெள்ளித் தட்டை ஏந்தி நின்றாள். தட்டில் வெற்றிலை. வெற்றிலை மேல் ஸ்ரான்லி இரண்டு கையாலும் பயபக்தியாகத் தங்கக் காசை வைத்துக்கொண்டிருந்தான்.

குடை அந்தரத்தில் நின்றது.

"இஞ்சேருங்கோ" என்றாள் அருந்ததி, குரலில் ஒரு நடுக்கமும் இல்லாமல். "செருப்பைக் கழட்டிப்போட்டு வாங்கோ."

நாகேந்திரம் மனைவியைப் பார்த்தார், மீன்காரனைப் பார்த்தார், காசைப் பார்த்தார். மேனுகாதான் பேசினாள்.

"ஐயா, ராகு காலத்தில நீங்கள் விலை மாத்துறேல்லை. அப்பிடித்தானே?"

"அது எப்பிடிப் பிள்ளை மாத்துறது? ராகு காலத்தில ரிமோட்டைத் தொடுவினமோ?"

"ஆனா விக்கிறீங்கள்."

"வாங்குறது அவையின்ர காரியம். அது அவையின்ர ராகு, என்ர ராகு இல்லை."

"முதலாளி, ராகுவையும் பங்கு பிரிச்சிட்டீங்களா!" என்றான் சாந்தகுமார்.

"உலகச் சந்தைக்கு ராகு காலமும் இல்லை, எமகண்டமும் இல்லை" என்றாள் மேனுகா. "அங்க விலை ஏறும். உங்கட பலகையில ஒண்டரை மணித்தியாலம் பழைய விலையே நிக்கும். இதைக் கடைக்குள்ள இருந்து ஒருத்தரும் சொல்லத் தேவையில்லை. ஒரு போனும், சுவரில ஒரு கலண்டரும் இருந்தாக் காணும். சைவ ஆக்கள் அந்த நேரத்தில தங்கம் வாங்க மாட்டினம். அதால வேற ஆக்களை அனுப்பியிருக்கு. அனுப்பின ஆளும் சைவம்தான். அதுதான் ராகு காலம் முடியுமட்டும் காசை வீட்டு வாசல் மிதிக்க விடேல்லை. ஆரெண்டு எனக்குச் சொன்னது உங்கட தும்மல்தான். யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள் வீட்டுக்கு வீடு வேற மணம். நோட்டில இருந்த மணமும் உங்கட கேரியர் மணமும் ஒண்டு."

அருந்ததி மறுபேச்சில்லாமல் குசினிக்குள் போனாள். ஒரு பெரிய மிளகாய்த்தூள் போத்தலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். உள்ளே கையை விட்டு ஒரு பொலித்தீன் பொட்டலத்தை எடுத்து உதறினாள். தங்கக் காசுகள் கலகலவென்று கொட்டின. நாகேந்திரம் நீளமாக ஒரு தும்மல் தும்மினார்.

"இந்தப் போத்தலுக்குக் கிட்ட நீங்கள் வரமாட்டியள் எண்டு தெரியும். அதுதான் நோட்டையும் தங்கக் காசையும் இதுக்குள்ளையே வைச்சனான்" என்றாள் அருந்ததி.

"ஏனப்பா? என்னட்டைக் கேட்டிருக்கலாமே!"

அவ்வளவுதான். அதுவரை நடுங்காத குரல் அப்போது நடுங்கியது.

"கேக்கேல்லையோ? மூண்டு வருசமாக் கேக்கிறன். இண்டைக்கு மத்தியானமும் கேட்டனான். ஹம்சிகாவுக்குத் தை மாதம் கலியாணம். ஏறினா, இறங்கட்டும் எண்டுவியள். இறங்கினா, இன்னும் இறங்கட்டும் எண்டுவியள். நிமிசத்துக்கு நிமிசம் விலையைப் பாக்கிறியள், பிள்ளையின்ர கழுத்தைப் பாத்தனீங்களோ? நகைக்கடைக்காரன்ர மகள் வெறுங்கழுத்தோட மணவறைக்குப் போகவோ? என்ர சீட்டுக் காசிலதான் வாங்கினனான். உங்கட கடையில, உங்கட விலைக்கு, பில்லோட வாங்கினனான்."

இறங்க வேண்டியது பிறஷர் இல்லை, தங்க விலை என்பது சாந்தகுமாருக்கு இப்போதுதான் விளங்கியது.

நாகேந்திரம் குடையைச் சுவரில் சாத்திவிட்டு மெதுவாக உட்கார்ந்தார். ஒரு காசை எடுத்தார். "இது என்ன விலைக்கு எடுத்தனீர்?" அருந்ததி சொன்னாள். "இது?" சொன்னாள். ஒவ்வொன்றையும் மனப்பாடமாகச் சொன்னாள். அவர் கண்ணை மூடி மனதுக்குள் கூட்டினார். வெடிக்கப் போகிறார் என்று சாந்தகுமார் கதவுப் பக்கம் ஒதுங்கினான். ஸ்ரான்லி அவனுக்கு முன்பே ஒதுங்கியிருந்தான்.

கண்ணைத் திறந்தபோது கண்ணீர் வழிந்தது. மிளகாய்த்தூளுக்கு வருகிற கண்ணீர் அப்படி இருக்காது.

"எத்தினை வருசம் இந்தத் தொழிலில நிக்கிறன்" என்றார். "ஒரு நாளும் இந்த விலைக்கு எனக்கு அம்பிடேல்லை. என்ர பிள்ளைக்கு ஒரு காப்புக்கூட நான் செய்யேல்லை. நீர் என்னைவிடக் கெட்டிக்காரி, அருந்ததி."

"சந்தோசம் முதலாளி" என்று குறுக்கிட்டான் சாந்தகுமார். "சுதர்சினி?"

"ஓமோம்... அந்தப் பிள்ளையிட்டை நாளைக்கு ஒரு நல்ல நேரம் பாத்து..."

"நாலரை எப்பவோ தாண்டிட்டுது ஐயா" என்றாள் மேனுகா. "இப்ப நல்ல நேரம்தான்."

தப்ப வழியில்லை. அவர் கடைக்கு அடித்தார். மேனுகா எல்லோருக்கும் கேட்க ஸ்பீக்கரைப் போட்டாள்.

"பிள்ளை சுதர்சினி... நான்தான். என்னை மன்னிச்சுக்கொள். தங்கக் காசு வாங்கினது வேற ஆருமில்லை, எங்கட வீட்டு அம்மாதான்."

"தெரியும் முதலாளி."

அறையில் எல்லோரும் போனைப் பார்த்தார்கள்.

"ஒங்க கேரியர தெனமும் நான்தானே தொறக்கிறேன். மொத நாளே அந்த நோட்டுல அம்மா வீட்டுத் தூளு வாசம் வந்துச்சி."

"அப்ப ஏன் பிள்ளை சொல்லேல்லை? வேலையால நிப்பாட்டப் பாத்தனே!"

சுதர்சினி மெல்லிய குரலில், "பொண்ணு கல்யாணத்துக்கு நக சேக்கிற அம்மாவ எப்பிடிங்க காட்டிக் குடுக்கிறது? எங்கம்மாவும் எனக்குத் தோடு வாங்க இப்பிடித்தான் ஒளிச்சி ஒளிச்சி சேத்தாங்க" என்றாள்.

சாந்தகுமாருக்கு அவளைப் பிடித்து நாலு வார்த்தை ஏச வேண்டும்போல இருந்தது. அவளுக்காக ஒரு ஊருக்கே மிட்டாய் வாங்கிக் கொடுக்க வேண்டும்போலவும் இருந்தது. அருந்ததி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பிள்ளையை நாளைக்கு மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்லுங்கோ என்றாள்.

நாகேந்திரம் எழுந்தார். மூக்கைச் சிந்தினார். ஒரு முடிவுக்கு வந்தவரைப் போல ஸ்ரான்லியைக் கிட்டக் கூப்பிட்டார்.

"தம்பி, நாளைக்கு இந்தப் பக்கம் வருவீரோ?"

"நாளைக்கு புதன்தானே அங்கிள். பாரை மீன் கொண்டாறேன்."

"மீனைக் குடுத்திட்டு, பன்னிரண்டு மணிக்குப் பிறகு ஒருக்காப் போய் ஒரு பவுண் காசு வாங்கிக்கொண்டு வாரும்" என்றவர், வெளியே யாராவது கேட்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஆனா என்ர கடைக்குப் போகாதேயும். எதிர்க்கடைக்காரனும் ராகு காலத்தில விலை மாத்துறேல்லை."